உள்பக்கக் கைப்பிடி

ஆளில்லாத சீட்டுக்கு பெல்ட் போட்டிருந்தது.

வண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்தி, கைவிளக்கை உள்ளே நீட்டியபோதுதான் அவன் அதைக் கவனித்தான். பழைய பிக்கப். முன்னால் மூன்று பேர் உட்காரும்படி ஒரே நீள சீட். ஓட்டுகிறவர் பக்கத்து பெல்ட் நைந்து, நூல் பிரிந்து தொங்கியது. ஜன்னலோரத்து பெல்ட் மட்டும் மாட்டியபடி இருந்தது. அது சீட்டோடு படிந்து கிடக்கவில்லை. ஒரு சாண் முன்னால், காற்றில் நின்றது. நெஞ்சுக்கு ஒரு வளைவு. இடுப்புக்கு ஒரு வளைவு. வருஷக்கணக்காக அப்படியே கிடந்து விறைத்துப்போன துணி என்று நினைத்துக்கொண்டான். விரலால் அழுத்தினான். உள்ளே போனது. விரலை எடுத்ததும் மெதுவாகத் திரும்பி வந்தது.

கொக்கியின் பொத்தானை அமுக்கிப் பார்த்தான். அசையவில்லை. விளக்கை அருகில் கொண்டுபோனான். கொக்கியின் வாயில் பட்டாணி அளவுக்கு ஒரு வெல்டிங் பொட்டு.

வண்டி முழுக்கத் துரு. தரைத் தகட்டில் ஓட்டை. பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்தது. எதையும் கண்டுகொள்ளாமல் விட்ட பழைய சொந்தக்காரன், இந்த ஒரு பொட்டை மட்டும் பார்த்துப் பார்த்து வைத்திருந்தான்.

விற்றவர், செத்துப்போன அந்த ஆளின் மச்சான். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். அவசரத்தில் இருந்தார்.

"மச்சான் கடைசி வரைக்கும் இதைத்தான் ஓட்டினார் தம்பி. எஞ்சின் கல்லு மாதிரி. ஆனா பக்கத்துல யாரையும் ஏத்த மாட்டார். எங்க அக்காவே பின்னாடி தொட்டியிலதான் உக்காந்து வரும்."

"ஏன்?"

"ராத்திரி ரோட்ல யாரோ கை காட்டினாங்கன்னு நிறுத்தி ஏத்தினாராம். அந்த ஆளு இறங்கவே மாட்டேங்கறான்னு கொஞ்ச நாள் சொல்லிட்டிருந்தார். அப்புறம் பேச்சு மாறிப்போச்சு. இறங்க விடக்கூடாதுன்னு சொல்ல ஆரம்பிச்சார்." சாவியைக் கொடுத்துவிட்டு நெற்றியைத் தட்டிக்காட்டினார். "வயசாச்சுல்ல."

அவன் காகித ஆலையில் ஃபிட்டர். பழுதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. போகிற வீடுகளில் ஒழுகும் குழாயை இறுக்கிவிட்டுத்தான் காபியைக் கையில் வாங்குவான். "என்னைக் கட்டிக்கிட்டதே ஏதோ ரிப்பேர் இருக்கும்னு நெனச்சுத்தானே?" என்பாள் மனைவி. "இருக்கு. வாய் மூட மாட்டேங்குது. பார்ட்ஸ் கிடைக்கல" என்பான்.

இந்த வண்டி அப்படி விளையாட்டுக்கு வாங்கியதில்லை. முந்தைய தடவை அவளுக்கு வலி வந்தபோது கூப்பிட்ட வண்டி வரவில்லை. சாலையோரத்தில் மழையில் நின்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அதற்குப் பிறகு அதைப் பற்றி இரண்டு பேரும் பேசியதில்லை. இப்போது அவளுக்கு எட்டாவது மாதம். மலைச்சாலை, கல்குவாரி, அதைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரி. ஒரு வண்டி வேண்டும். சும்மா நிற்கிற வண்டி வேலைக்கு ஆகாது. தினமும் காலையில் சாவி போட்டதும் உறுமுகிற வண்டியாக இருக்கவேண்டும். தினமும் ஓடினால் அன்றைக்கும் ஓடும்.

முதலில் பிரேக். பிறகு கிளட்ச். ரேடியேட்டர் குழாய்களை மாற்றினான். தரை ஓட்டையைத் தகடு வைத்து மூடினான். உள்விளக்கின் ஒயர் அறுந்திருந்தது. அறுந்ததில்லை, அறுத்தது. இரண்டு முனைகளையும் தனித்தனியாக டேப் சுற்றி வைத்திருந்தார்கள். இணைத்தான். எரிந்தது.

பெல்ட்டைக் கத்தியால் அறுத்தான்.

கத்தி பாதி போனதுமே மீதி தானாகப் பிய்ந்தது. அவ்வளவு இழுவை அதில் இருந்திருக்கிறது. துணி சீட்டில் விழுந்தது. உள்ளே ஒரு ஸ்பிரிங் நீளமாக முனகியது. ரொம்ப நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஒருவர் அப்பாடா என்று சாய்ந்தது போல இருந்ததென்று பிற்பாடுதான் அவனுக்குத் தோன்றியது. அப்போது தோன்றியதெல்லாம் ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விடவேண்டும் என்பதுதான்.

*

அடுத்த வாரத்திலிருந்து ஆலைக்கு அதில்தான் போனான். பனிக்காலம். விடிந்தும் வெளிச்சம் வராத காலைகள். சக்கரத்தடியில் சரளை நொறுங்கும் சத்தம், ஹீட்டரிலிருந்து வரும் சூடான தூசி வாடை, கண்ணாடியில் துடைப்பான் தேய்க்கும் ஒரே தாளம், இவற்றோடு இன்னொரு வாடையும் இருந்தது. நனைந்த சுண்ணாம்புக்கல்லின் வாடை. குவாரி வழியாகப் போவதால் என்று நினைத்தான். வீட்டுக் கொட்டகையிலும் அது இருந்தது.

ஆலை வாசலில் காவலாளி குனிந்து உள்ளே பார்த்தார்.

"அண்ணே, புது வண்டியா? மாப்பிள்ளை மாதிரி வர்றீங்க. கூட இருக்கறவரு உள்ள வரக்கூடாது. வண்டியிலேயே இருக்கட்டும்."

அவன் திரும்பிப் பார்த்தான். சீட்டின் முதுகில் அவனுடைய மழைக்கோட்டு மாட்டியிருந்தது.

"அவரு சாதுண்ணே. தொங்கவிட்டா தொங்குவாரு."

காவலாளி சிரிக்கவில்லை. பனியில் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு கேட்டைத் திறந்தார்.

மறுநாள் மழைக்கோட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்தான். காவலாளி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவனுக்கு வணக்கம் வைத்தவர், அந்தப் பக்கம் பார்த்தும் லேசாகத் தலையை அசைத்தார்.

சீட்டுக்குப் புது ஸ்பாஞ்ச் போட்டு ரெக்ஸின் தைத்தான். ராத்திரி முடித்தபோது கல்யாண மெத்தை மாதிரி இருந்தது. காலையில் ஜன்னலோரம் மட்டும் அமுங்கியிருந்தது. ஸ்பாஞ்ச் விற்றவனைத் திட்டிக்கொண்டே கையால் தட்டி உப்பவைத்தான். குழி சூடாக இருந்தது.

கையை எடுத்துவிட்டான். கொட்டகையின் கூரையைப் பார்த்தான். வெயில் எங்கிருந்தாவது விழுகிறதா என்று தேடினான். வெயிலே இல்லாத நாள் அது.

அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது தூக்கம் ஒன்றுதான் மருந்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

*

கைப்பிடி விஷயத்தை அவள்தான் எடுத்தாள்.

ஜன்னலோரக் கதவுக்கு வெளியே கைப்பிடி உண்டு. உள்ளே இல்லை. கண்ணாடியை இறக்கும் பிடியும் இல்லை. அவை இருந்த இடத்தில் தகடு வைத்து, பற்றவைத்து, தேய்த்து, மேலே வண்ணம் அடித்திருந்தார்கள். விரலால் தடவினால்தான் தெரியும். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் யாராவது வெளியிலிருந்து திறந்துவிட்டால்தான் இறங்கலாம். அதனால் அவள் ஓட்டும் பக்கத்துக் கதவு வழியாகவே ஏறி, நகர்ந்து உட்காருவாள். ஒருநாள் ஸ்டியரிங்கில் வயிறு இடித்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, ஊர்ல இருக்கற ஓட்டையெல்லாம் அடைக்கறீங்க. எனக்கு ஒரு கைப்பிடி வெச்சுத் தரக் கூடாதா? வலியெடுத்தா நான் எப்படி இறங்குவேன்? பறந்தா?"

அவள் சொன்னது நியாயம். அந்தக் கதவைத் தொடுவதை நாள் கடத்திக்கொண்டிருந்தான் என்பதும் அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

அடுத்த நாள் மதியம் வண்டியை சுருட்டையின் பட்டறைக்குக் கொண்டுபோனான். சுருட்டை பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், வெல்டர். தலையில் ஒரு முடி இல்லை. பெயர் மட்டும் உதிராமல் இருந்தது.

"வாடா. கூட வந்தவரையும் இறங்கச் சொல்லு. டீ சொல்றேன்."

"யாரும் வரல."

சுருட்டை எட்டிப் பார்த்தான். சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்துக் கதவை வெளியிலிருந்து திறந்து பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

"கண்ணு போச்சுடா" என்றான். "இத்தனை வருஷம் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தா இப்படித்தான். நேத்து என் பொண்டாட்டியே அழகாத் தெரிஞ்சா."

கதவின் உள்தகட்டைக் கழற்றினார்கள். பூட்டுக்குப் போகும் கம்பி நடுவில் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய முனையைக் கதவோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். சுருட்டை வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு அதைத் தடவிப் பார்த்தான்.

"நல்ல கைக்காரன்."

"சரி, அறுத்து எடு."

"கெட்டுப்போனதை யாரும் இப்படி மூட மாட்டான்டா. நல்லா இருந்த கம்பி. உள்ள இருந்து திறக்கவே கூடாதுன்னு மூடியிருக்கான். பழுது இல்ல இது. பூட்டு."

"அவ இறங்கணும்டா."

சுருட்டை கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டான். அறுக்கும் சக்கரத்தை ஓடவிட்டான். தீப்பொறி கதவுக்குள் கொட்டியது. எரிந்த வண்ணத்தின் நாற்றம் எழுந்தது. அதோடு நனைந்த சுண்ணாம்புக்கல். சாயங்காலத்துக்குள் புதுக் கம்பி போட்டு, கைப்பிடியும் கண்ணாடிப் பிடியும் மாட்டி முடித்தார்கள். பளபளவென்று இருந்தது. அவன் இழுத்துப் பார்த்தான். வெண்ணெயில் கத்தி போவது போல இறங்கியது. கதவு திறந்தது.

வேலை முடிந்தால் சுருட்டை வண்டியின் முதுகில் தட்டி அனுப்புவான். அன்றைக்குத் தட்டவில்லை. பட்டறைக்குள் போய் ஷட்டரை இறக்கிக்கொண்டான்.

*

வீட்டு வாசலில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் ஈரம்.

"இவ்வளவு சீக்கிரமா?" என்றான்.

"அதை எங்கிட்ட கேட்டா?"

பையை எடுத்தான். அவளைத் தாங்கிப் பிடித்து அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தான். முதல் தடவையாக அவள் ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்தாள். வலியிலும் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். "அழகா இருக்கு" என்றாள். புதுசாகப் போட்டிருந்த பெல்ட் வேண்டாம் என்று வயிற்றைக் காட்டினாள்.

சாவி போட்டதும் வண்டி உறுமியது. அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மலைச்சாலையில் பனி பால் மாதிரி நின்றது. விளக்கொளி பத்தடிக்கு அப்பால் போகவில்லை, வெள்ளைச் சுவரில் மோதித் திரும்பி வந்து அவர்கள் மடியிலேயே விழுந்தது. எஞ்சினின் சீரான முனகல், அவளுடைய மூச்சு, வலி ஏறும்போது அவள் பல்லைக் கடிக்கும் சத்தம், ஹீட்டரின் தூசிக் காற்று. அவன் சாலையின் ஓரக் கற்களை மட்டும் பார்த்து ஓட்டினான். அவள் தோள் அவன் தோளில் இடித்தது. வலியில் சாய்கிறாள் என்று இடம் கொடுத்தான். இன்னும் கொஞ்சம் இடித்தது. அவன் முழங்கை கதவில் முட்டியது.

"ஏங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன். இடமே இல்ல."

"நான் கதவோட ஒட்டிக்கிட்டு இருக்கேன். நீ அந்தப் பக்கம் போ."

"அந்தப் பக்கம் எங்க இருக்கு இடம்?"

அவள் கண்ணை மூடியிருந்தாள். ஜன்னலோரம் ஏறியவள். எப்போது நடுவுக்கு வந்தாள்?

அவன் தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் ஓட்டினான். அவளுக்கு அப்பால் சீட் தெரிந்தது. அமுங்கியிருந்தது. ஆழமாக. புது ரெக்ஸின் சுருக்கம் விழுந்து இழுபட்டிருந்தது.

யாரும் இல்லை.

"குளிருது" என்றாள். "கண்ணாடிய ஏத்துங்க."

அந்தப் பக்கத்துக் கண்ணாடி இறங்கிக்கொண்டிருந்தது. புதுப் பிடி சுற்றியது. மெதுவாக. பாதிச் சுற்று. நின்றது. மறுபடி பாதிச் சுற்று. பனி உள்ளே வந்தது. கல்லின் வாடை வந்தது. பிறகு பிடி எதிர்ப்பக்கம் சுற்றியது. கண்ணாடி ஏறியது.

பழகிப் பார்க்கிறது.

ஒரு கையால் அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இன்னொரு கையால் ஓட்டினான். நிறுத்து என்றது மனம். நிறுத்தினால் சாலையோரம். பனி. யாரும் வரமாட்டார்கள். அந்த மழை. அந்த டாக்டரின் முகம்.

கைப்பிடி இறங்கியது. பாதி. மறுபடி மேலே போனது.

பிரேக்கை மிதித்தான். வண்டி குலுங்கி நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை.

"இறங்கிடு" என்றான். "இங்கேயே இறங்கிடு. உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன். போயிடு."

பனி. எஞ்சின். எங்கேயோ தண்ணீர் சொட்டியது.

கைப்பிடி அசையவில்லை.

"யார்கிட்ட பேசறீங்க?" அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏன் நிறுத்தினீங்க? வருதுங்க. போங்க. ப்ளீஸ், போங்க."

அவன் காத்திருந்தான். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. அதற்கு இங்கே இறங்க வேண்டியதில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. போகிற இடம் அதற்கும் தெரிந்திருந்தது.

கியரைப் போட்டான்.

*

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி முழுசாக நிற்பதற்கு முன்பே தன் பக்கத்துக் கதவைத் திறந்தான். அவளை அந்தப் பக்கம் போக விடவில்லை. தன் பக்கமாகவே இழுத்தான். ஸ்டியரிங்கில் உரசியது. அவள் கத்தினாள். இழுத்தான். ஆட்கள் ஓடிவந்தார்கள். சக்கர நாற்காலி வந்தது. அவளை உட்காரவைத்தார்கள்.

அவனுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

க்ளிக்.

திரும்பினான். வண்டியின் அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. கொஞ்ச நேரம் திறந்தபடி இருந்தது. பிறகு மூடியது. அந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் மூடவேண்டும், இல்லையென்றால் உராயும். தூக்கி மூடியது. உராயவில்லை.

அவன் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினான். ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தான். உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலி சீட். அமுங்கிய ஸ்பாஞ்ச் மெல்ல மெல்ல மேலே எழுந்தது. சுருக்கங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. சமமாயிற்று. கல்லின் வாடை இல்லை. ஹீட்டர் வாடை மட்டும்.

போய்விட்டது. கதவில் சாய்ந்துகொண்டான். தப்பித்தோம் என்று நினைத்தான். அதைச் சிரிப்போடுதான் நினைத்தான்.

திரும்பியபோது வாசலில் நாற்காலி இல்லை.

உள்ளே ஓடினான். நீளமான நடை. மருந்து வாடை. பிரசவ அறைக்குப் போகும் வழியில் காவலர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"சார், ஒருத்தருக்குத்தான் அனுமதி."

"என் மனைவி. இப்பதான் கொண்டுபோனாங்க."

"தெரியும் சார். அவங்க வீட்டுக்காரர் கூடவே போயிட்டாரு. நாற்காலியப் பிடிச்சுக்கிட்டே போனாரே. நீங்க அண்ணனா?"

"நான்தான் வீட்டுக்காரன்."

காவலர் அவன் கையில் இருந்த கிரீஸைப் பார்த்தார். அழுக்குச் சட்டையைப் பார்த்தார். "உக்காருங்க சார். நல்லபடியா ஆகும்."

அவரைத் தள்ளிவிட்டு ஓடினான். பின்னால் விசில். நடையின் முடிவில் ஒரு கதவு. அதன்மேல் பாய்ந்தான். கதவு அசையவில்லை. கையால் துழாவினான். வழவழப்பான தகடு. மேலே, கீழே, ஓரத்தில். வெறும் தகடு.

அந்தக் கதவுக்குக் கைப்பிடி உள்பக்கம் மட்டும்தான்.

நெஞ்சு உயரத்தில் சின்னதாக ஒரு கண்ணாடி. குனிந்து பார்த்தான். அடித்தான். கத்தினான். தடித்த கண்ணாடி. உள்ளே யாரும் திரும்பவில்லை. வெள்ளை வெளிச்சம். கட்டில். அவள். கண் மூடியிருந்தாள். முகம் முழுக்க வேர்வை. ஒரு கை கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது. விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன.

பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆனால் என்ன சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. கொஞ்சம் தள்ளுங்க. இடமே இல்ல.

கட்டிலின் விளிம்பு அமுங்கியது.

பின்னாலிருந்து இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்தார்கள். அவன் கண்ணாடியை விடவில்லை. உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். பிறகு நிமிர்ந்தார்கள். நர்ஸ் கையில் துணி சுற்றிய ஒரு பொட்டலம். அதிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்து உதறியது. உயிரோடு. சிவப்பாக. நர்ஸ் சிரித்தாள். கட்டிலோரத்துக் காலியான இடத்தைப் பார்த்து ஏதோ சொன்னாள், அப்பாக்களிடம் சொல்கிற மாதிரி. பொட்டலத்தை அந்தப் பக்கம் நீட்டினாள்.

கையை எடுத்தாள்.

குழந்தை விழவில்லை.